நாள் குறிக்கலாமா?

சான்ட்ரிங்ஹாமில் நம்மவர் வீடுகளில் பிரசவ தேதி நெருங்கும்போது மூன்று நாட்காட்டிகள் மோதிக்கொள்ளும்: ஊரிலிருந்து வரும் அம்மாவின் விமான டிக்கெட், கணவனின் அலுவலக விடுப்பு, பஞ்சாங்கம். "39 வாரம்தான் ஆகிவிட்டதே, வலி வர மருந்து வைத்துவிட்டால் என்ன?" என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

சிசேரியனுக்கு நேரம் குறிக்கலாம். வலி வரவைப்பதில் நாம் குறிப்பது தொடக்கத்தை மட்டும்தான். கருப்பை வாய் இளகாமல் இருந்தால் முதலில் ஜெல்லோ சிறு பலூனோ வைத்து அதைத் தளர்த்த வேண்டும். பிறகு பனிக்குடம் உடைத்து, ஆக்சிடோசின் சொட்டு மருந்து. தலைப்பிரசவத்தில் இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ராகு காலம் தவிர்த்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் குழந்தை எமகண்டத்தில் பிறக்கக்கூடும். ஆகவே மிட்வைஃபிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்தத் தேதி' என்பதல்ல, 'கருப்பை வாய் எந்த நிலையில் இருக்கிறது' என்பதே. அதை மதிப்பெண் போட்டுச் சொல்லும் பிஷப் ஸ்கோர் 1964-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

பிரசவ நாளை யார் தீர்மானிக்கிறார்கள்? இதற்கு அரிய விடையொன்றைக் கண்டவர் நம் பக்கத்து வட்டாரமான கிரீன்லேனில், நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மான்ட் லிக்கின்ஸ். ஆடுகளை வைத்து 1960-களில் அவர் செய்த சோதனைகள், கருவிலிருக்கும் குட்டியின் கார்டிசோல் சுரப்பே தாய்க்கு வலியைத் தொடங்கி வைக்கிறது என்று காட்டின. நாள் குறிப்பது குட்டிதான்! குறைப்பிரசவக் குழந்தைகளின் நுரையீரலைக் காக்கும் ஸ்டீராய்டு ஊசி (1972) இந்த ஆராய்ச்சியின் வழியே வந்ததுதான். மனிதர்களில் கணக்கு இவ்வளவு நேரானதில்லை.

அதற்காக 'இயற்கையாக வரட்டும்' என்பதே எப்போதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். 2018-ல் வெளியான அமெரிக்காவின் அரைவ் ஆய்வில், முதல் குழந்தையைச் சுமந்த, சிக்கலில்லாத 6,106 பெண்கள் கலந்துகொண்டார்கள். 39-வது வாரத்தில் வலி வரவைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2. மருந்து வைத்தால் சிசேரியனில்தான் முடியும் என்ற பழைய பயத்தை இது தளர்த்தியது. ஆனால் குழந்தைகளுக்கான ஆபத்தில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிக் கணக்கை, மிட்வைஃப்களை மையமாகக் கொண்ட நியூசிலாந்துக்கு அப்படியே பெயர்த்துக்கொள்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து 2017-ல் வந்த ஆய்வு, தெற்காசியாவில் பிறந்த தாய்மாருக்கு, கடைசி வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட முன்னதாகவே ஏறுவதைக் காட்டியது. அதற்காக எல்லோருக்கும் 39-ல் மருந்து என்று விதி செய்யலாமா? பிரிட்டனில் 2021-ல் வெள்ளையரல்லாத பெண்களுக்கு அப்படி ஒரு வரைவுப் பரிந்துரை வந்து, எதிர்ப்புக்குப்பின் கைவிடப்பட்டது. தோலின் நிறம் நோய்க்குறி அல்லவே. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றில் ஒன்றைச் சுட்டி மருத்துவர் தேதி சொன்னால், அம்மாவின் டிக்கெட்டுக்காக அதைத் தள்ளிப் போடாதீர்கள். அசைவு குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்காமல், நள்ளிரவானாலும் மிட்வைஃபை அழையுங்கள்.