குதிரைக்கும் கொஞ்சம் தடவிக் கொடுங்க!

முதுகு வலித்தால் நாம் ‘ஐயோ, அம்மா!’ என்று ஊரைக் கூட்டலாம். குதிரை என்ன செய்யும்? காதைப் பின்னால் மடிக்கும். சேணம் போட வந்தால் கடிக்க வரும். உடனே நாம், ‘திமிர் புடிச்ச குதிரைப்பா இது!’ என்று பட்டம் கட்டி, கூடவே ஒரு அடியும் கொடுப்போம்.

வலியைத் திமிர் என்று நினைத்துவிடும் இந்தக் குழப்பத்துக்கு விரல் நுனியிலேயே ஒரு வைத்தியம் இருக்கிறது.

சோளிங்கருக்குக் குதிரை புதிதல்ல. 1781 செப்டம்பர் 27-ல் ஹைதர் அலியின் படையும், சர் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதிக்கொண்டது இங்கேதான். இப்போது இங்கே படையெடுப்பவர்கள் யோக நரசிம்மரின் பக்தர்கள். ரோப் கார் வந்த பிறகும், 1,305 படிகளையும் ஏறித்தான் தீருவேன் என்கிறவர்கள் உண்டு. இறங்கி வந்ததும் கெண்டைக்காலை யாராவது பிடித்துவிட மாட்டார்களா என்று ஏங்குவார்களே, அதே ஏக்கம் வண்டி இழுக்கும் பிராணிக்கும் இருக்காதா?

இன்னொரு விஷயம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிலும் தோல் பதனிடும் சீமை. தடவிப் பார்த்தே தோலின் தரம் சொல்லும் கைகள் இங்கே ஏராளம். சூட்டுத் தழும்பு, உண்ணிக்கடி, சாட்டை அடி, நுகத்தடிப் புண்... மாடு பட்ட பாடெல்லாம் தோலில் எழுதியிருக்கும். தழும்பு இருந்தால் விலை இறங்கும். செத்த பிறகு இத்தனை அக்கறையாகப் பார்க்கிற அந்தத் தோலை, உயிரோடு இருக்கும்போது தொட்டுப் பார்க்கிறோமா?

ஈ உட்கார்ந்தால் போதும், குதிரை அந்த இடத்துத் தோலை மட்டும் தனியாகச் சிலிர்க்க வைத்து விரட்டிவிடும். அத்தனை நுட்பமான தோல்!

ஒன்றேகால் வட்டம்

கனடாவில் பிறந்த லிண்டா டெலிங்டன்-ஜோன்ஸ் குதிரைப் பயிற்சியாளர். மனிதர்களுக்கு உடல் அசைவுப் பயிற்சி கற்றுத்தந்த மோஷே ஃபெல்டன்கிரைஸிடம் 1970-களில் படித்தார். கற்றதைப் பிராணிகளுக்குத் திருப்பிவிட்டார். பெயர் ‘டி-டச்’.

முறை சுலபம். விரல்களை வைத்து, தேய்க்காமல், தோலையே மெல்ல நகர்த்த வேண்டும். கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, முழுச் சுற்று வந்து, மேலும் கால் சுற்று. பிறகு கையை எடுத்து அடுத்த இடம். அழுத்தம்? உங்கள் கண் இமை மேல் செய்துபாருங்கள். உறுத்தக் கூடாது.

அமெரிக்கரான ஜிம் மாஸ்டர்சன் அழுத்தத்துக்குச் சமையலறையிலிருந்தே அளவு சொல்கிறார். முட்டையின் மஞ்சள் கரு உடையாத அளவு, திராட்சை நசுங்காத அளவு, பழுத்த எலுமிச்சை அளவு! கை எங்கே போனபோது குதிரை கண் சிமிட்டியது, வாயை மென்றது, கொட்டாவி விட்டது என்று கவனிப்பதுதான் அவர் வித்தை. குதிரை பதில் சொன்னால், அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

‘இதெல்லாம் சும்மா சார்!’ என்கிறீர்களா? 1993-ல் வெளியான ஆய்வு ஒன்று. குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம், கழுத்தடி மேடு. அங்கே மனிதர்கள் கையால் சொறிந்துவிட்டபோது இதயத் துடிப்பு இறங்கியது. 2008-ல் வெளியான ஆஸ்திரிய ஆய்வில், பசுவின் கழுத்து அடிப்பக்கத்தைத் தடவினார்கள். அது கழுத்தை நீட்டி, காதைத் தொங்கவிட்டு சொக்கிப்போனது. நம்ம ஊர்ப் பாட்டி, பால் கறக்கும் முன் அலைதாடியைத் தடவிக்கொடுப்பாளே... எந்த ஆய்வைப் படித்தாள்?

எல்லை தெரியணும்!

தடவினால் சகல நோயும் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. பயமும் இறுக்கமும் குறையும், அவ்வளவுதான். ஆனால் தினமும் தடவுகிற கைக்கு ஒரு லாபம் உண்டு. நேற்று இல்லாத வீக்கம், சூடு, முள், உண்ணி, நுகத்தடிப் புண்ணின் ஆரம்பம் எல்லாம் முதலில் அந்தக் கைக்குத்தான் தட்டுப்படும். தட்டுப்பட்டால் தடவலை நிறுத்துங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரம் என்றால் 1962-க்கு போன் செய்யுங்கள். புண் ஆறும்வரை வண்டியில் பூட்டாதீர்கள்.

குதிரையின் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். தோள்பக்கம் நின்று, பேச்சுக் கொடுத்து, பிறகு கை வையுங்கள். அது விலகிப் போனால் விட்டுவிடுங்கள்.

செலவு? தினம் ஐந்து நிமிடம். மாடு கழுத்தை நீட்டி, ‘ஏன் நிறுத்திட்டே?’ என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தால் நீங்கள் பாஸ்!