நெல் விளையும் ஊரில் வெறும் பானை

தை, மாசி மாதங்களில் வன்னியில் காலபோக அறுவடை நடக்கும். வீதியெங்கும் நெல் காயும். ஆனால் அதே வயல்களில் களை பிடுங்கிய பெண்களில் பலர் அரிசியைக் கடையில் கொப்பிக் கணக்கிலேயே வாங்குகின்றனர்.

இவர்களில் கணிசமானோர் மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் ஏற்பட்ட பஞ்சமும் 1977ஆம் ஆண்டு வன்செயலும் அவர்களது குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குத் துரத்தின. பசிக்குப் பயந்து வந்தவர்கள் இங்கே பிறர் காணியில் கூலிகளாயினர். யுத்தம் அவர்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்தது. 2009க்குப் பின் மீள்குடியேறியபோதும் பலருக்குச் சொந்த வயல் இருக்கவில்லை.

கூலி வீட்டின் பசி வேலையோடு சேர்ந்தே வருகின்றது. களையெடுப்பு, கச்சான் பிடுங்கல், மிளகாய்ப்பழம் ஆய்தல் என்பன சில வாரங்களுக்கே உண்டு. முன்பு அருவி வெட்டிலும் சூடு மிதிப்பிலும் கூலியாக நெல்லும் கிடைத்தது. இன்று அந்த வேலையை இயந்திரம் சில மணித்தியாலங்களில் முடித்துவிடுகின்றது. அடைமழை நாட்களிலும், வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் கையில் காசில்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக உயர்ந்தது. அதாவது, முந்தைய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா தேவைப்பட்டது. நாட்கூலி அந்த அளவுக்கு உயரவில்லை.

இத்தகைய நாட்களில் முதலில் குறைவது தாயின் சோறுதான். கணவனும் பிள்ளைகளும் சாப்பிட்டபின் மிஞ்சுவதே அவளது பங்கு. மிஞ்சாவிட்டால், "பசியில்லை" என்று பிளேன்ரீ குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். விபரம் திரட்டச் செல்லும் எம்மைப் போன்றவர்களும் வீட்டில் அடுப்பெரிந்ததா என்று கேட்கிறோம். அவள் சாப்பிட்டாளா என்று கேட்பது குறைவு. அதனால் அவளது பசி கணக்கில் வருவதில்லை.

சகோதரிகளே, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். திரிபோஷ கிடைத்தால் அதில் உங்கள் பங்கை நீங்களே உண்ணுங்கள். 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவில் பெயர் விடுபட்டிருந்தால், மேன்முறையீடு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வேலையுள்ள காலத்தில் மாதர் சங்கத்தில் பிடியரிசி சேர்த்தால், வேலையில்லாத வாரத்தில் வட்டியில்லாமல் எடுக்கலாம். ஆனால் வயற்காணியும் நியாயமான கூலியும் கிடைக்கும்வரை பிடியரிசி மட்டும் போதாது. அவற்றைச் சேர்ந்து நின்றே கேட்க வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவரிடம், "நேற்று இரவு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.