ஒரு பிரிண்டர், இரண்டு கணினி

எங்கள் வீட்டில் கணவருக்கு விண்டோஸ், எனக்கு மேக். வானொலிக் குறிப்புகளுக்கும் மகளின் பள்ளிப் பயிற்சித்தாளுக்கும் இருப்பது ஒரே பிரிண்டர். மேக் அச்சடிக்கும், விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும்.

பல வீடுகளில் சிக்கல் முகவரியில்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டால் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கிடைக்கலாம். மேக் ‘பான்ஜோர்’ வழியாகப் பெயரை வைத்தே கண்டுபிடித்துவிடும். விண்டோஸோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும்.

முதலில், எல்லாம் ஒரே வைஃபையில் உள்ளனவா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபை உதவாது. பிறகு ரவுட்டர் அமைப்பில் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கள். விண்டோஸில் பழைய பிரிண்டர் பதிவை நீக்கி, அந்த முகவரியைக் கொடுத்து மீண்டும் சேருங்கள்.

புது பிரிண்டருக்குப் பணம் எடுத்து வைக்கும்முன் இதைச் செய்து பாருங்கள்.