வெருகற் கரையில் வேழம்

வனவிலங்குகளைக் காண விழைவோர் ஆபிரிக்காவின் செரெங்கெற்றி முதலிய வனங்களை நாடிச் செல்வர். ஆண்டுப் பரந்த புல்வெளியில் யானைக் கூட்டம் நெடுந்தொலைவிலேயே புலனாகும். திருகோணமலை மாவட்டத்தின் தென்பால், மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலொடு கலக்கும் நாட்டிலோ காடு விலங்கை மறைத்துவிடுகின்றது. ஆதலின் ஈண்டு யானையைக் காணுமுன் அதன் அடையாளங்களைக் காணக் கற்றல் வேண்டும். இக்கல்வி வெறும் பொழுதுபோக்கன்று. உயிர் காக்கும் அறிவுமாம்.

அடையாளங்களுள் முதலாவது அடிச்சுவடு. முன்காற் சுவட்டின் சுற்றளவை இருமடங்காக்கின், யானையின் தோளுயரம் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 4 அடியாயின் உயரம் 8 அடி என்க. ஈரமும் வெப்பமும் மாறாத இலத்தி யானை அணிமையில் உளதென்பதை அறிவிக்கும். உலர்ந்தது அது முன்னரே சென்றமையை உணர்த்தும். மரத்திற் படிந்த சேறும் புதிதாய் முறிந்த கிளையும் அது சென்ற வழியைக் காட்டும். யானையின் மோப்பம் மிகக் கூரியது. ஆதலின் காற்று நம்மிடமிருந்து அதன்பால் வீசும் திசையில் நிற்றல் ஆகாது.

காலமும் அறியற்பாலது. மாரியில் மகாவலி பெருகி, 'வில்லு' எனப்படும் தாழ்நிலங்களை நிரப்பும். கோடையில் நீர் வற்ற, அங்கே பசும்புல் தழைக்கும். ஏனைய இடங்கள் வறண்டிருக்கும் அக்காலத்தில் யானைகள் வில்லுகளை நாடும். 1986இல் தேசிய வனமாக்கப்பட்ட சோமாவதியில் இவ்வில்லுகள் பல உள்ளன.

ஆபிரிக்க யானைகளுள் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தந்தமுடையன. இலங்கையிலோ ஆண்களுள்ளும் சிலவே கொம்பன்கள். ஆகவே தந்தமில்லாத யானையைப் பெண்ணெனத் துணிதல் தவறு. தனித்து நிற்பது பெரும்பாலும் ஆணேயாம். கன்னப்பொறியில் மதநீர் ஒழுகுமாயின் அதனை அணுகலாகாது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. எனினும் அருகிவரும் இனமாகவே இது கருதப்படுகின்றது. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மக்களும் இலங்கையில் மனித யானை மோதலின் காரணமாக மாண்டனர். யானை உலாவிய நிலத்தில் வயலும் சேனையும் பெருக, அதன் பழைய வழிகள் அடைபட்டமையே இதற்குத் தலையாய காரணம். வழி அடைபட்ட யானை விளைநிலத்தினூடே செல்லும். காவலிருக்கும் உழவன் இருளில் அதனை எதிர்ப்பட நேரும்.

ஆபிரிக்க வனத்தில் ஊர்தியிலிருந்து யானையைக் காண்பவன் மாலையில் விடுதிக்கு மீள்வான். வெருகல் உழவனுக்கோ யானை நாடோறும் அண்டை அயல். ஆதலின் சுவடு கண்ட பொழுதே விலகி வழிவிடுதல் இரு உயிர்க்கும் காப்பாம். யானை செல்லும் வழிகளை அறிந்து, அவற்றை அடையாது விடுதல் அதனினும் சிறந்த காப்பாகும்.