உறுமலை அடக்கலாமா?

தெருவில் மற்றொரு நாயைக் கண்டு நம் நாய் உறுமுகிறது. கழுத்துவாரைச் சுண்டி இழுத்து அதட்டுகிறோம். நாய் வாயடங்கிவிடுகிறது, திருந்திவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். அதன் அச்சமோ அப்படியே இருக்கிறது.

குரைத்தல், உறுமுதல், ஊளையிடுதல் என நாயின் ஒலிகளைத் தமிழ் பிரித்தே பெயரிட்டிருக்கிறது. இவற்றுள் உறுமல் பெரும்பாலும் 'விலகிப் போ' என்னும் எச்சரிக்கையாகும். உறுமினால் அடி விழும் என்று கண்ட நாய், மறுமுறை எச்சரியாமலே கடித்துவிடக் கூடும். பின்னர்ப் பொல்லாத நாயென்று அதனைக் கொன்றுவிடுவதும் உண்டு.

நாயை அடக்கியாள வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்ற வரலாறு வியப்பானது. பேசல் நகர விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களின் தலைமைப் போட்டியை 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதினார். அதனைப் பிறர் வீட்டு நாய்க்கும் பொருத்திவிட்டனர்! காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்று டேவிட் மெக் 1999இல் விளக்கினார்.

உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து எழுப்பிவர, அவ்வொலிக்கே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை உருசிய அறிஞர் பாவ்லவ் காட்டினார். அவ்வழியே இங்கும் பயன்படும். மற்ற நாயைக் கண்டும் உடல் விறைக்காத தொலைவில் நம் நாயை நிறுத்துக. அந்நாய் தென்பட்டவுடன் இறைச்சித் துண்டு கொடுத்து, மறைந்ததும் நிறுத்துக. தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைப்பது பல வாரப் பணி. உடல் விறைத்தால் நாம் விரைந்துவிட்டோம் என்று பொருள், பின்வாங்குதல் வேண்டும்.

குணம் திடீரென மாறிய நாயை முதலில் விலங்கு மருத்துவரிடம் காட்டுக. நோவும் சினம் மூட்டும். சில நாய்கள் இறுதிவரை பிற நாய்களோடு நட்புக் கொள்ளா. அவை அமைதியாகக் கடந்து செல்லப் பழகினாலே போதும்.