வெனிஸ், 1500: யாரும் ஏறி நிற்காத உயரம்

வெனிஸ் நகரை மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் யாகோப்போ தே பார்பரியின் மரச்செதுக்கு அச்சை ஓவியம் என்று மட்டும் சொன்னாலும் வரைபடம் என்று மட்டும் சொன்னாலும் பாதிதான் சரி. ஆறு பலகைகளில் செதுக்கி, ஆறு தாள்களில் அச்சிட்டு ஒட்டிய இதன் அகலம் ஏறத்தாழ 2.8 மீட்டர். வெனிஸ் நகரம் முழுவதையும் இப்படிக் குனிந்து பார்க்க அன்று எந்த மேடும் இல்லை, கோபுரமும் இல்லை. பல இடங்களிலிருந்து கண்டவற்றை ஒரே பார்வையாகக் கோத்தது ஓவியனின் கற்பனை. ஆனால் புனித மாற்கு சதுக்கத்து மணிக்கூண்டைப் பாருங்கள்: உச்சியில் கூர்முனை இல்லை, தட்டையான கூரைதான். 1489இல் இடி விழுந்து கூம்பு எரிந்துபோயிருந்தது. அழகுக்காகக்கூட அதைச் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி பதிந்திருக்கிறார்; கூம்பு மீண்டும் எழுந்தபின் அச்சுப்பலகையும் திருத்தப்பட்டது.

தொலைவுகள் பிசகியிருக்கின்றன, இது எப்படி வரைபடமாகும் என்பது நியாயமான கேள்வி. அளவுகோல் வைத்துப் பார்த்தால் பிசகு உண்மைதான். ஆனால் வழிகாட்டுவது இதன் முதல் வேலை அல்ல. வெளியிட்ட நியூரம்பர்க் வணிகர் அன்டோன் கோல்ப், நகரின் புகழுக்காகவே இதை உருவாக்கியதாக அரசுக்கு விண்ணப்பித்தார். அதனால்தான் மேலே வணிகத் தெய்வம் மெர்குரி, கீழே நீரில் கடல் தெய்வம் நெப்டியூன். வணிகமும் கடலுமே வெனிஸ் என்ற செய்தியை, துல்லியமாக அளந்த கோடுகள் மட்டும் சொல்லியிருக்க முடியாது. செதுக்கிய மூலப் பலகைகள் ஆறும் வெனிஸ் கொர்ரேர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.