உங்களுக்குத் தெரியுமா? வடதுருவக் கடலுக்குப் போன ‘பச்சை தேவதை’

குனார்டு நிறுவனத்தின் பயணிகள் கப்பல் என்றால் பெரும்பாலும் கறுப்பு நிற உடல்தான். 1949 ஜனவரியில் முதல் பயணம் புறப்பட்ட ‘கரோனியா’ ஒரு விதிவிலக்கு. உடல், மேல்தளங்கள் எல்லாம் பச்சை! அதனால் செல்லப் பெயரே ‘பச்சை தேவதை’.

உல்லாசப் பயணத்தை மனதில் வைத்தே கட்டிய கப்பல் இது. எல்லா அறைகளிலும் தனிக் குளியலறை, திறந்த தளத்தில் நீச்சல் குளம். கோடை வந்தால் நியூயார்க்கிலிருந்து கிளம்பி ஐஸ்லாந்து வழியாக நார்வேயின் நார்த் கேப் முனைக்குப் போகும்.

கடலிலிருந்து 307 மீட்டர் செங்குத்தாக எழும் பாறை அது. மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. இரவு 12 மணிக்கும் தளத்தில் நின்றால் நிழல் நீளமாக விழும்.

அவ்வளவு வடக்கே கடல் உறையாதா? அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுச் செல்வதால், அப்பகுதியிலுள்ள ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை.

நார்வேக் கரையின் இன்னொரு சிறப்பு ஃபியோர்டுகள். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்ததே ஃபியோர்டு. சோக்னே ஃபியோர்டு 200 கி.மீ.க்கு மேல் உள்நாட்டுக்குள் நீள்கிறது. ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டும். மலையடிவாரம் வரை பெரிய கப்பல் போக முடிவது இந்த ஆழத்தால்தான். கப்பல் அணைய மேடை இல்லாத ஊர்களில் நடுநீரில் நங்கூரமிட்டு, ‘கரோனியா’ தன் மோட்டார் படகுகளிலேயே பயணிகளைக் கரை சேர்த்தது.

கடைசியில், உடைப்பதற்காகத் தைவானுக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது, இந்தக் கப்பல் 1974 ஆகஸ்டில் புயலில் சிக்கி, குவாம் தீவின் அலைதடுப்புச் சுவரில் மோதி உடைந்தது.